திருகோணமலையிலிருந்து மூளை ஆராய்ச்சிக்கு: உயர்தரம் தொடங்கி சொந்த ஆய்வுகூடம் வரை

திருகோணமலையில் உயிரியல் படிக்கும் பிள்ளை ஒன்று, மூளையைப் பற்றி ஆராய ஆசை என்று சொன்னால் வீட்டில் வரும் பதில் அநேகமாக ஒன்றுதான்: "அப்ப மெடிசின் எடு, பிறகு நியூரோலொஜிஸ்ட் ஆகலாம்." நல்ல எண்ணத்தில் சொல்வதுதான். ஆனால் நரம்பியல் வைத்தியரின் வேலையும் நரம்பு விஞ்ஞானியின் வேலையும் வேறு வேறு. பக்கவாதம் வந்தவரையும் வலிப்பு வந்தவரையும் பார்த்து மருந்து எழுதுபவர் முதலாமவர். அந்த வலிப்பு நேரத்தில் நரம்புக்கலங்கள் ஏன் கூட்டாகத் துடிக்கின்றன, நேற்றுக் கேட்ட பாட்டு இன்றைக்கு எப்படி நினைவுக்கு வருகிறது என்று வருடக்கணக்காகத் துருவுபவர் இரண்டாமவர். இரண்டையும் சேர்த்துச் செய்பவர்களும் உண்டு. மருத்துவ பீடம் கிடைக்காதவருக்கும் இரண்டாவது வேலைக்கு வழி இருக்கிறது என்பதை எங்கள் ஊரில் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்ல ஆள் குறைவு. அதனால்தான் இதை நீளமாக எழுதுகிறேன்.

வாசிக்கும்போது ஒன்றை மனதில் வைத்திருங்கள். இந்தப் பாதையின் ஒவ்வொரு திருப்பத்திலும் உங்களிடம் கேட்கப் போவது இரண்டு கேள்விகள்: நீங்கள் தொடங்கி முடித்த ஆய்வு எது? அதை நீங்கள் செய்தபோது பக்கத்தில் இருந்து பார்த்தவர் யார்? கீழே சொல்லும் எல்லாப் படிகளும் இந்த இரண்டுக்கும் பதில் தேடும் வேலைதான்.

படி 1: எந்த வகை மூளை ஆராய்ச்சி?

பாடம் தெரிவு செய்ய முன்பு இதைக் கொஞ்சம் யோசியுங்கள். கலத்துக்குள் நடக்கும் இரசாயனத்தைப் பார்ப்பவர்கள் ஒரு வகை. எலி, ஈ, வரிக்குதிரை மீன் போன்ற உயிரினங்களின் நடத்தையையும் நரம்புச் சுற்றுகளையும் பார்ப்பவர்கள் இன்னொரு வகை. மனிதரை, மூளையைப் படமெடுக்கும் எம்.ஆர்.ஐ., அதன் மின்னலைகளை அளக்கும் ஈ.ஈ.ஜி. கருவிகளில் பார்ப்பவர்கள் மூன்றாவது. கணக்கையும் கணினியையும் வைத்து மூளையை மாதிரியாக்குபவர்கள் நான்காவது. முதல் இரண்டுக்கும் உயிரியல் அடித்தளம் வேண்டும். மூன்றாவதுக்கு உளவியலிலிருந்தும் வருகிறார்கள், பொறியியலிலிருந்தும் வருகிறார்கள். நான்காவதுக்கு இணைந்த கணிதம் படித்த பிள்ளைதான் முன்னால் நிற்கும். எனவே கணிதப் பிரிவில் படித்ததால் மூளைப்பக்கம் போக முடியாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

படி 2: உயர்தரமும் இசட் புள்ளியும்

உயிரியல் பிரிவானால் உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல். மூன்றாவது பாடமாக விவசாய விஞ்ஞானம் எடுக்கலாம்தான், ஆனால் இந்தத் துறைக்கு நான் பௌதிகவியலையே சொல்வேன். நரம்பில் ஓடுவது மின்சாரம். மின்தடையும் கொள்ளளவமும் விளங்காமல் அந்தப் பாடத்துக்குள் நுழைய முடியாது.

அரச பல்கலைக்கழக அனுமதியில் விஞ்ஞானப் பிரிவுகளுக்கு 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் தரவரிசைப்படி, 55 சதவீதம் மாவட்டச் சனத்தொகைப்படி, 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அந்தப் பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் திருகோணமலையும் இருக்கிறது. ஆகவே கொழும்பில் இருக்கும் மச்சானின் வெட்டுப்புள்ளியை (அனுமதிக்குத் தேவையான குறைந்தபட்ச இசட் புள்ளி) பார்த்து மனம் தளர வேண்டாம். உங்கள் மாவட்டத்தின் வெட்டுப்புள்ளியைப் பாருங்கள். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலை ரியூசன் சேர் சொல்லி அறியாமல், நீங்களே முதல் பக்கத்திலிருந்து வாசியுங்கள்.

உயர்தரத்தை மூன்று தடவை எழுதலாம். இரண்டாம் தடவை எழுதுவதில் தப்பில்லை. நோயாளிகளைப் பார்க்கும் வாழ்க்கை உண்மையிலேயே வேண்டும் என்றால் மூன்றாம் தடவையும் எழுதுங்கள். ஆராய்ச்சிதான் ஆசை, விஞ்ஞான பீடம் கையில் கிடைத்துவிட்டது என்றால், மருத்துவ பீடத்துக்காக இன்னொரு வருடத்தைக் கொடுப்பது வீண் என்பது என் உறுதியான எண்ணம்.

பிரிவு எதுவானாலும் விண்ணப்பிக்கக்கூடிய இடங்கள் பல. கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம் விஞ்ஞான பீடங்களில் விலங்கியலோ மூலக்கூற்று உயிரியலோ படிக்கலாம். பேராதனையில் உளவியலும் உண்டு. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வந்தாறுமூலை வளாகம் இருக்கிறது. வீட்டை விட்டுத் தூரம் போக வசதியில்லாதவர்களுக்கு நிலாவெளிப் பக்கம் கோணேசபுரியில் திருகோணமலை வளாகமே இருக்கிறது. அங்கே கணினி விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைக்கு நான்காவது வகைப் பாதை தாராளமாகத் திறக்கும். "நரம்பு விஞ்ஞானம்" என்றே பெயர் போட்ட பட்டத்தைத் தேடிக் காத்திருக்க வேண்டாம். உலகத்தில் இந்தத் துறையில் இருப்பவர்களில் பலர் உயிரியல், பௌதிகம், மருத்துவம், உளவியல், கணினி என்று வேறு பெயரில் பட்டம் எடுத்து வந்தவர்கள்தான்.

மருத்துவ பீடம் கிடைத்தவர்களுக்கும் ஒரு சொல். எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு ஆராய்ச்சிக்குத் திரும்புவது நன்றாகப் பழகிய பாதை. தமிழ்நாட்டில் பிறந்த வி.எஸ். இராமச்சந்திரன் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, கேம்பிரிட்ஜில் கலாநிதிப் பட்டம் பெற்று, கலிபோர்னியாவில் ஆய்வாளரானார். இல்லாத கையில் வலி இருப்பதாக உணரும் நோயாளிக்கு, இருக்கும் கையைக் கண்ணாடியில் காட்டி வலியைக் குறைக்கலாம் என்று காட்டியவர் அவர். போரிலும் கண்ணிவெடியிலும் கைகால் இழந்தவர்கள் வாழும் எங்கள் மாகாணத்தில் அந்த ஆய்வின் அருமையை விளக்கத் தேவையில்லை.

படி 3: வீட்டிலேயே தொடங்குங்கள்

பெறுபேறு வந்து பல்கலைக்கழகம் தொடங்கும்வரை மாதக்கணக்கில் சும்மா இருக்கும் காலம் ஒன்று வரும். ஆங்கில வகுப்பும் கணினி வகுப்பும் போகட்டும். கூடவே இதையும் செய்யுங்கள்.

சந்தையில் கணவாய் வாங்குங்கள். கறிக்கு வெட்டுகிற மாதிரி வட்டமாக வெட்டாமல், வயிற்றுப்பக்கம் நெடுக ஒரு கோடு கிழித்து, உடற்கூட்டைப் புத்தகம்போல விரியுங்கள். குடலையும் மைப்பையையும் உடையாமல் எடுத்துவிட்டு உள்சுவரைக் கழுவுங்கள். கழுத்துப்பக்கம், நடுவிலுள்ள கண்ணாடி போன்ற முள்ளுக்கு இரு புறமும், வெண்மையான சிறு முடிச்சு ஒவ்வொன்று தெரியும். அதிலிருந்து நட்சத்திரக் கதிர்போல நரம்புகள் பிரிந்து தசைக்குள் ஓடும். வாலை நோக்கிப் போகும் பெரிய நரம்புக்குள் இருப்பதுதான் இராட்சத ஆக்சோன்; ஆக்சோன் என்பது செய்தியைக் கொண்டுபோகும் நரம்புக்கலத்தின் நீண்ட இழை. பெரிய இனக் கணவாயில் அது ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் தடிப்பு வரை வரும். எங்கள் உடம்பிலுள்ள ஆக்சோன்களைப் பார்க்க நுணுக்குக்காட்டி வேண்டும். இதைக் கண்ணாலேயே தேடலாம். ஆபத்து வந்தால் கணவாய் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டு பின்னால் பாய வேண்டும். அதற்கு உடல் முழுவதும் ஒரே நேரத்தில் சுருங்க வேண்டும். செய்தி வேகமாகப் போக வேண்டும். கொழுப்புறை இல்லாத நரம்பில் வேகத்துக்கு ஒரே வழி தடிப்பு.

1936இல் பிரித்தானிய விலங்கியலாளர் ஜே.இசட். யங் இந்த ஆக்சோனை ஆய்வாளர்களின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். 1939இல் ஹொட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் அதற்குள்ளேயே மின்வாயைச் செலுத்தி நரம்புச் செய்தியை அளந்தார்கள். 1952இல் அது எப்படி உண்டாகிறது என்பதைச் சமன்பாடுகளாக எழுதினார்கள். 1963இல் நோபல் பரிசு. அந்தச் சமன்பாடுகளை ஹக்ஸ்லி தீர்த்தது கையால் சுற்றும் கணக்கிடும் இயந்திரத்தில். இன்றைக்கு நூறு வரிக்குள் பைதன் என்ற கணினி மொழியில் எழுதி, பழைய மடிக்கணினியில் ஓட்டிப் பார்க்கலாம். மின்னோட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். ஒரு அளவு வரை மின்னழுத்தக் கோடு இலேசாக மேடுதட்டி அடங்கும். அதற்கு மேல் சட்டென்று ஊசிமுனை ஒன்று எழும். இன்னும் கூட்டினால் ஊசிமுனைகள் வரிசையாக வரும். சோடியத்தை நரம்புக்குள் விடும் வாயில்களை அடைத்தால் என்ன ஆகும் என்று அந்த எண்ணைப் பூச்சியமாக்கிப் பாருங்கள். காலையில் கணவாய், பின்னேரம் பைதன்: இந்தத் துறையின் உடம்பும் கணக்கும் ஒரே நாளில் கைக்கு வரும்.

இன்னும் முன்னே போக விருப்பமானால் 2020இல் தொடங்கிய நியூரோமேட்ச் அகாடமியின் இணையக் கோடைப்பள்ளி இருக்கிறது. கணக்கீட்டு நரம்பு விஞ்ஞானத்தை மூன்று வாரத்தில், சிறு குழுவாக, ஆசிரியர் துணையோடு கற்கலாம். நாட்டுக்கேற்பக் கட்டணத்தைக் குறைக்கிறார்கள். பாடங்கள் எல்லாம் இணையத்தில் இலவசமாகவும் கிடக்கின்றன. அமெரிக்காவின் அலன் நிறுவனத்தின் எலி மூளைத் தரவும், ஓப்பன்நியூரோ இணையத்தளத்தில் மனித மூளைப் படங்களும் யாரும் எடுத்து ஆராயத் திறந்து வைக்கப்பட்டவை. பழ ஈயின் மூளையிலுள்ள ஏறத்தாழ 1,39,000 நரம்புக்கலங்களின் முழு வரைபடம் 2024இல் வெளியானது. அந்த வரைபடத்தைத் திருத்தும் வேலையில் ஆய்வாளர்களோடு சாதாரண ஆர்வலர்களும் கைகொடுத்தார்கள். உப்புவெளியில் ஒரு வீட்டு மேசையிலிருந்து செய்யக்கூடிய வேலைதான் அது.

படி 4: பட்டப்படிப்பு

விரிவுரைக் காலம் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நன்றாகப் படியுங்கள், முதல் வகுப்போ இரண்டாம் மேல் வகுப்போ எடுங்கள், புள்ளிவிபரவியலை ஒரு போதும் விடாதீர்கள். தமிழில் உயர்தரம் எழுதி வந்தவர்களுக்கு முதல் வருடம் ஆங்கிலம் இடிக்கும். அது எல்லோருக்கும் இடிப்பதுதான், இரண்டாம் வருடத்தில் தணிந்துவிடும்.

முக்கியமான முடிவு மூன்று வருடப் பொதுப் பட்டமா நான்கு வருடக் கௌரவப் பட்டமா என்பது. ஆராய்ச்சிக்குப் போகிறவர் நான்கையே எடுக்க வேண்டும். காரணம் இறுதி வருட ஆய்வு. உங்கள் வாழ்க்கையில் முதன்முதலாக, விடை புத்தகத்தில் இல்லாத ஒரு கேள்வியோடு மாதக்கணக்கில் இருக்கப் போவது அப்போதுதான்.

அதற்கு மேற்பார்வையாளரைத் தெரிவு செய்யும்போது, மூளைத் துறைக்காரர் கிடைக்கவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். நுளம்பின் நடத்தையை அளக்கும் விரிவுரையாளரும், மீனின் இரசாயனத்தைப் பார்ப்பவரும் உங்களுக்குக் கற்றுத்தரக்கூடியது ஒன்றேதான்: கேள்வியை அளக்கத்தக்கதாக்குவது, ஒப்பீட்டுக் குழு வைப்பது, தரவை நேர்மையாகக் கையாள்வது. தன் மாணவர்களோடு சேர்ந்து கட்டுரை வெளியிடுபவரா, வாரம் ஒரு தடவையாவது உட்கார்ந்து பேசுபவரா என்று மட்டும் பாருங்கள். முதல் நாளிலிருந்தே ஆய்வுக் குறிப்பேடு வையுங்கள்: திகதி, என்ன செய்தேன், என்ன எதிர்பார்த்தேன், என்ன வந்தது. பிழைத்துப்போன பரிசோதனையையும் எழுதுங்கள். பின்னாளில் நேர்முகத்தில் உங்களிடம் துருவித் துருவிக் கேட்பது இந்தக் குறிப்பேட்டில் இருக்கும் விஷயங்களைத்தான்.

படி 5: பட்டத்துக்கும் கலாநிதிப் படிப்புக்கும் நடுவே

நேரே வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் ஒன்றிரண்டு வருடம் ஆய்வு உதவியாளராக இருந்துவிட்டுப் போகிறவர்களின் விண்ணப்பம் கனமாக இருக்கும். நல்ல வகுப்பு எடுத்தவர்களைப் பல்கலைக்கழகங்கள் தற்காலிக உதவி விரிவுரையாளராக எடுப்பதுண்டு. கண்டி ஹந்தானையிலுள்ள அடிப்படைக் கற்கைகள் தேசிய நிறுவனத்தில் ஆய்வு உதவியாளராகச் சேர்ந்தால் பட்டப்பின் படிப்புக்கும் பதியலாம்.

பாக்குநீரிணைக்கு அப்பாலும் பாருங்கள். பெங்களூரில் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் நரம்பு விஞ்ஞான மையம், உயிரியல் ஆய்வு மையமான என்.சி.பி.எஸ்., மனநல நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸ் மூன்றும் ஒரே நகரத்தில். ஹரியானா மானேசரில் தேசிய மூளை ஆராய்ச்சி மையம். சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024இல் மனிதக் கருவின் மூளையை 5,132 வெட்டுத்துண்டுகளில் படமாக்கி, 'தரணி' என்ற பெயரில் உலகத்துக்கே இலவசமாகத் திறந்து வைத்தது. இலங்கை மாணவர்களுக்கு இந்திய அரசின் ஐ.சி.சி.ஆர். புலமைப்பரிசில்களும் உண்டு.

படி 6: கலாநிதிப் படிப்புக்கு விண்ணப்பித்தல்

பலர் தடுக்கி விழுவது பணத்தை நினைத்து. விஞ்ஞானத்தில் கலாநிதிப் படிப்புக்கு நீங்கள் கட்டணம் கட்டிப் போகத் தேவையில்லை. நல்ல திட்டங்கள் கட்டணத்தைத் தாங்களே ஏற்று, மாதாந்தக் கொடுப்பனவும் தருகின்றன. காணியை விற்று அனுப்பும் படிப்பு இதுவல்ல என்பதை அப்பா அம்மாவிடம் முதலிலேயே சொல்லுங்கள்.

அமெரிக்காவில் இளமாணியிலிருந்து நேரே சேரலாம். ஐந்து, ஆறு வருடம் ஆகும். முதல் வருடம் இரண்டு மூன்று ஆய்வுகூடங்களில் மாறி மாறி வேலை செய்து பார்த்துவிட்டு ஒன்றைத் தெரிவு செய்வீர்கள். விண்ணப்பம் பெரும்பாலும் டிசம்பர் தொடக்கத்தில் முடியும், ஜனவரி பெப்ரவரியில் நேர்முகம், ஏப்ரல் 15க்குள் பதில் சொல்ல வேண்டும். அங்கே சில பயிற்சி நிதிகள் அந்நாட்டவருக்கு மட்டுமே என்பதால், வெளிநாட்டு மாணவரை எடுக்கிறீர்களா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். விண்ணப்பக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யவும் கேட்கலாம். கேட்டதற்காக யாரும் குறைவாக நினைக்க மாட்டார்கள். ஜேர்மனியில் கோட்டிங்கன், டியூபிங்கன் நகரங்களில் ஆங்கிலத்திலேயே நடக்கும் நரம்பு விஞ்ஞானத் திட்டங்கள் இருக்கின்றன. ஜப்பானில் ஒக்கினாவா விஞ்ஞான தொழில்நுட்பக் கழகம் இளமாணிப் பட்டத்தோடும் எடுக்கிறது, சேர்பவர்களுக்கு நிதி கொடுக்கிறது, ஜப்பானிய மொழி கட்டாயமில்லை. பிரித்தானியாவுக்கும் புலமைப்பரிசில் தேடிப் போகலாம். அங்கே மூன்று, நான்கு வருடத்தில் முடியும்.

சரி, பேராசிரியருக்கு எழுதும் மின்னஞ்சல். "மதிப்புக்குரிய ஐயா, தங்கள் மகத்தான ஆய்வுகளால் ஈர்க்கப்பட்டேன்" என்று தொடங்கி நூறு பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்புவது பயன் தராது. எட்டு, பத்து வரி போதும். அதன் சாரம் இப்படி இருக்கட்டும்:

"பேராசிரியர் அவர்களுக்கு, நான் இலங்கை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் கௌரவப் பட்டம் முடித்தவன். இறுதி ஆய்வில் நுளம்புக் குடம்பிகள் ஒளிக்குப் பழகிப்போவதை வீடியோவில் அளந்தேன்; அளக்கும் பைதன் நிரலை நானே எழுதினேன். உங்கள் அண்மைக் கட்டுரையில் மீன்குஞ்சுகள் ஒலிக்குப் பழகுவதைக் காட்டியிருக்கிறீர்கள். அந்தப் பழக்கம் மறுநாளும் நீடிக்கிறதா என்று பார்த்தீர்களா? வரும் வருடம் கலாநிதி மாணவர் எடுப்பதாக இருந்தால் விண்ணப்பிக்க விரும்புகிறேன். என் விபரக்கோவையையும் ஆய்வின் ஒரு பக்கச் சுருக்கத்தையும் இணைத்திருக்கிறேன்."

இதில் புகழ்ச்சி ஒரு வரிகூட இல்லை. நான் செய்தது, நீங்கள் செய்தது, இரண்டையும் இணைக்கும் ஒரு கேள்வி, அவ்வளவுதான். பதில் வராவிட்டால் இரண்டு கிழமை கழித்து ஒரு தடவை நினைவூட்டுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

பரிந்துரைக் கடிதம் மூன்று கேட்பார்கள். பீடாதிபதியின் பெரிய பெயரைவிட, குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்த மேற்பார்வையாளரின் கடிதம் பெறுமதி கூடியது. குறைந்தது ஒரு மாதம் முன்பு கேளுங்கள்; நீங்கள் செய்தவற்றைப் பட்டியலாக எழுதிக் கொடுங்கள்.

படி 7: ஆய்வுகூடத்தைத் தெரிவு செய்தலும் அந்த வருடங்களும்

இடம் கிடைத்த சந்தோஷத்தில் யாரும் கேட்காமல் விடுகிற கேள்விகள் இங்கேதான். அந்த ஆய்வுகூடத்தில் இருந்து போன மாணவர்களை, முக்கியமாக இடையில் விலகியவர்களை, தேடிப் பேசுங்கள். எத்தனை வருடத்தில் முடித்தார்கள்? இப்போது எங்கே இருக்கிறார்கள்? கட்டுரையில் முதல் பெயர் யாருக்கு என்பதை எப்படி முடிவு செய்கிறார்கள்? ஊருக்கு வந்து போக லீவு தருவாரா? புகழ்பெற்ற ஆய்வுகூடத்தில் பேராசிரியரை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை காண்பதைவிட, அவ்வளவு புகழில்லாத, ஆனால் கதவைத் தட்டிப் பேசக்கூடியவரிடம் பயில்வது நல்லது என்பேன். தனியாகப் போய் நிற்கும் எங்கள் பிள்ளைகளுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும்.

இரண்டாம் வருடத்தை ஒட்டி தகுதிகாண் பரீட்சை வரும். அதற்குப் பிறகு நீண்ட சமதரை. பரிசோதனை வேலை செய்யாது; செய்தாலும் திரும்பச் செய்தால் வராது; வேறொரு குழு முந்திக்கொள்ளும். இது உங்கள் திறமைக் குறைவால் வருவதல்ல, தெரியாததைத் தேடும் வேலையின் இயல்பு. பெரிய கேள்வி ஒன்றோடு, சீக்கிரம் முடியக்கூடிய சிறிய கேள்வி ஒன்றையும் சமாந்தரமாக வைத்திருங்கள். மனம் சோர்ந்தால் பல்கலைக்கழக ஆலோசகரிடம் போங்கள். வீட்டுக்குத் தெரிந்தால் கவலைப்படுவார்கள் என்று அடக்கி வைத்திருக்க வேண்டாம்.

படி 8: அதற்குப் பிறகு

கலாநிதிப் பட்டம் முடிந்ததும் சில வருடம் பட்டப்பின் ஆய்வாளராக வேறொரு ஆய்வுகூடத்தில் வேலை. அப்போது புது நுட்பம் ஒன்றைக் கற்று, உங்களுக்கென்று ஒரு கேள்வியை உருவாக்கிக்கொள்ள வேண்டும். அதை வைத்துத்தான் உதவிப் பேராசிரியர் பதவிக்கும் நிதிக்கும் போட்டியிடுவீர்கள். பதவிகள் குறைவு, வருபவர்கள் அதிகம். மருந்து நிறுவனங்கள், மருத்துவக் கருவித் துறை, தரவு விஞ்ஞானம், ஆய்விதழ்ப் பதிப்பு என்று போகிறவர்களும் பலர். அதைத் தோல்வியாக எண்ணும் வழக்கம் கல்வியுலகத்தில் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

திரும்பி வர நினைப்பவர்களுக்கு: இலங்கைப் பல்கலைக்கழகங்களில் தகுதிகாண் விரிவுரையாளராகச் சேர்ந்து, சிரேஷ்ட விரிவுரையாளர், பேராசிரியர் என்று உயரலாம். படிப்பு லீவில் வெளிநாடு போவதானால் பிணையாளரோடு ஒப்பந்தம் எழுத வேண்டும். எத்தனை வருடம் திரும்பிச் சேவை செய்ய வேண்டும் என்பதைக் கையெழுத்துக்கு முன்பே வாசித்துப் பாருங்கள். ஆய்வுக்குத் தேசிய விஞ்ஞான மன்றம் நிதி கொடுக்கிறது. வெளியே பயின்று நாடு திரும்புபவர்களுக்கென்றே சர்வதேச மூளை ஆராய்ச்சி அமைப்பான இப்ரோ நிதித் திட்டம் நடத்தி வந்திருக்கிறது. அதன் ஆசியப் பயிற்சிப் பள்ளிகளுக்கு மாணவராக இருக்கும்போதே விண்ணப்பிக்கலாம்.

இங்கே என்ன ஆராய்வது என்று கேட்பவர்களுக்குக் கட்டுவிரியனைச் சொல்வேன். உலர்வலயத்தில் இரவில் தரையில் பாய் விரித்துப் படுப்பவர்களைக் கடிக்கும் பாம்பு. கடித்த இடத்தில் பெரிதாக வலியோ வீக்கமோ இல்லை. விடியும்போது கண்ணிமை தொங்கும், பிறகு மூச்சுத் தசை தளரும். நஞ்சு நரம்பின் நுனிகளையே சிதைப்பதால், முற்றாகத் தேற நாளெடுக்கும். இதே பேரினத்துப் பாம்பொன்றின் நஞ்சை வைத்துத்தான், தசையில் நரம்பின் செய்தியைப் பெறும் புரதமான அசெற்றைல்கோலின் வாங்கியைப் பிரித்தெடுத்தார்கள். தேறியவர்களின் நரம்புகள் மாதங்களுக்குப் பிறகு எப்படி இருக்கின்றன என்று அளக்கப் பெரிய இயந்திரம் தேவையில்லை. நரம்புக் கடத்தல் அளக்கும் கருவியும், கிராமத்துக்கே போய் அவர்களைத் தேடிப் பார்க்கும் பொறுமையும் வேண்டும். வைத்தியசாலையில் ஒரு பொது மருத்துவ நிபுணரைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதிக்கு நிதி விண்ணப்பத்துக்கும் பல மாதம் முன்பே கொடுத்துவிடுங்கள். சம்மதப் படிவத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, வாசிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்ட ஒருவரையும் ஏற்பாடு செய்யுங்கள்.